பழுதே ஆகாத லேப்

தமிழ்நாட்டின் சுயநிதிக் கல்லூரிகளில் 'ஆட்டோமொபைல் லேப்' என்று பலகை மாட்டிய பல அறைகளுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அங்கே எந்த வண்டியும் பழுதாவதே இல்லை. ஓடினால்தானே பழுதாவதற்கு!

நுழைந்ததும் குறுக்கே அறுத்து வைத்த எஞ்சின் ஒன்று வரவேற்கும். தண்ணீர் போகும் வழிக்கு நீலம், ஆயில் போகும் வழிக்கு மஞ்சள், புகை போகும் வழிக்குச் சிவப்பு என்று பெயின்ட் அடித்து, போன ஆயுத பூஜையின் சந்தனமும் குங்குமமும் காய்ந்துபோய் நிற்கும். கைப்பிடியைச் சுற்றினால் பிஸ்டன் மேலும் கீழும் போகும். அட்மிஷனுக்கு வரும் பெற்றோருக்கு அதைச் சுற்றிக் காட்டுவார்கள். காட்டி முடித்ததும் அப்பா, மனைவியின் வளையலை அடகு வைத்த பணத்தை எண்ணிக் கொடுப்பார். அந்த எஞ்சின் தன் ஆயுளில் இழுத்த ஒரே பாரம் அதுதான்.

அடுத்த மேஜையில் மூலவர் எழுந்தருளியிருக்கிறார்: கார்புரேட்டர். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே இந்தியாவின் புதுக் கார்களிலிருந்து அவர் விடைபெற்றுவிட்டார். 1983-ல் வந்த மாருதி 800-கூட இன்ஜெக்‌ஷனுக்கு மாறி, 2014-ல் உற்பத்தியே நின்று, சரித்திரமாகிவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 புகை விதி வந்த பிறகு பெரும்பாலான பைக்குகளும் இன்ஜெக்‌ஷன்தான். ஆனால் 2007-ல் பிறந்த பிள்ளை, தான் பிறப்பதற்கு முன்பே காரைவிட்டுப் போன சோலெக்ஸ் கார்புரேட்டரை ரெக்கார்டு நோட்டில் பென்சிலால் வரைந்து, பாகங்களைக் குறித்து, கையெழுத்து வாங்குகிறான். முன்னோருக்குத் திதி கொடுப்பது நல்ல பழக்கம்தான். அதற்குச் செமஸ்டர் கட்டணம் எதற்கு?

செய்முறைத் தேர்வு என்ற வைபவம் தனி. நான்கு நட்டு கழற்றினால் பாதி மதிப்பெண், அதே நான்கு நட்டை மாட்டினால் மீதி. வருஷா வருஷம் அதே நட்டைக் கழற்றிக் கழற்றி, இப்போது ஸ்பேனரைக் காட்டினாலே அது தானாகக் கழன்றுவிடும். வெளியூரிலிருந்து வரும் எக்ஸ்டர்னல், பிரியாணிக்கும் பேருந்துக்கும் நடுவில் கிடைத்த அவகாசத்தில் வைவா நடத்துவார். "ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் எத்தனை ஸ்ட்ரோக் தம்பி?" "நாலு சார்." "வெரி குட்." மாணவிகளுக்கு இன்னும் சுருக்கம். "நீ கிரீஸில் கை வைக்க வேண்டாம்மா, கையெழுத்து நன்றாக இருக்கிறது, எல்லாருக்கும் ரீடிங்கை எழுதிக் கொடு." ஒரு பெண் வீட்டில் சண்டை போட்டு ஆட்டோமொபைல் பிரிவு எடுத்து வந்ததற்குக் கல்லூரி தரும் பரிசு, கணக்குப்பிள்ளை உத்தியோகம்.

வண்டியின் பழுதைப் படிக்கும் ஸ்கேனர் இல்லையா என்று கேட்டுவிடாதீர்கள். இருக்கிறது. பீரோவில் இருக்கிறது. பீரோ சாவி துறைத் தலைவரிடம் இருக்கிறது. ஆய்வுக் குழு வரும் நாளில் மேஜைக்கு வந்து, மாலையிட்டாற்போல் வயரோடு அமர்ந்து, குழு போனதும் பெட்டிக்குள் போய்விடும். அதன் திரையில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரிக்கக் கூடாது. காரணம் எளியது. பொருள் உடைந்தால் ஸ்டாக் ரெஜிஸ்டரில் பதில் சொல்ல வேண்டியவர் லேப் அசிஸ்டென்ட். பிள்ளை ஒன்றும் கற்றுக்கொள்ளாமல் வெளியே போனால் பதில் சொல்ல வேண்டியவர் யாரும் இல்லை. எந்தப் பதிவேட்டிலும் அதற்கு ஒரு பத்தி கிடையாது. ஆகவே கருவி பத்திரம், பிள்ளை நாசம்.

ஆய்வுக் குழு இதையெல்லாம் பார்க்காதா? பார்க்கும். அது பார்க்கும் அழகு 2024 ஜூலையில் சந்தி சிரித்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில், 353 ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டிருக்கிறது என்று ஊழலை எதிர்க்கும் அறப்போர் இயக்கம் பட்டியல் போட்டது. 224 கல்லூரிகள் அந்தப் பட்டியலில் இருந்தன. பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் ஒரே நேரத்தில் பாடம் எடுத்த மகான்களும் உண்டு. காலையில் காஞ்சிபுரம், அதே காலையில் கோயம்புத்தூர். இப்படிப்பட்ட சித்தி கைவந்தவர் எஞ்சினைத் தொட்டுத்தான் சொல்லித்தர வேண்டுமா என்ன? நினைத்த மாத்திரத்தில் ஞானம் பாய்ந்துவிடாதா?

ஒரு காலத்தில் இங்கே வேறு மாதிரி மனிதர்களும் இருந்தார்கள். 1949-ல் சி. ராஜம் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி.யை (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) தொடங்கினார். சொந்த வீட்டை விற்ற பணத்தைப் போட்டுத் தொடங்கிய அந்தக் கல்லூரியின் முதல் பாடப்பிரிவுகளிலேயே ஆட்டோமொபைல் இருந்தது. இன்றைய கல்வித் தந்தைகளில் வீட்டை விற்றவர் என்று யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை. வாங்கியதைத்தான் கேள்விப்படுகிறேன்.

சரி, இவர்கள் சொல்லித்தராமல் விடுவது என்ன? ஒரு கார் வருகிறது. செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரைச் செருகினால் பி0171 என்கிறது. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். எந்தச் சாமான் கெட்டது என்று அது சொல்லவே இல்லை. நம் பட்டதாரிக்கோ, ஸ்கேனர் சொன்னால் அது அசரீரி. உடனே ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுகிறான். விளக்கு மறுபடி எரிகிறது. இன்ஜெக்டரை மாற்றுகிறான். மறுபடி எரிகிறது. பில் ஏறுகிறது. கடைசியில் பத்து ரூபாய் ரப்பர் ஹோஸில் இருக்கிறது விரிசல்.

உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சார் உள்ள வண்டியில் இதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஐடிலில் ஃப்யூயல் டிரிம், அதாவது கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம், ஏறி நின்று, 2,500 ஆர்.பி.எம்.முக்குக் கொண்டுபோனதும் இறங்கினால், சென்சாருக்குப் பின்னால் எங்கோ காற்றுக் கசிகிறது. ஐடிலில் ஒழுங்காக இருந்து லோடு ஏற ஏற டிரிம்மும் ஏறினால், பெட்ரோல் வரத்தைப் பார்: பம்ப், ஃபில்டர். சந்தேகப்பட வேண்டியதை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாக விலக்கி, மிஞ்சியதைப் பிடிப்பது. பழுது கண்டுபிடித்தல் என்றால் இந்த யோசனைதான். ஸ்பேனர் பிறகுதான் வருகிறது.

கேன் வயரிங்கும் அப்படியே. பாஷ் நிறுவனம் அதை 1986-ல் உலகுக்குக் காட்டியது. வண்டியின் கணினிகள் எல்லாம் இரண்டு வயரில் பேசிக்கொள்ளும் ஏற்பாடு. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் செருகும் 16 பின் சாக்கெட்டில் 6-க்கும் 14-க்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தால் வழக்கமாக 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது. சில நூறு ரூபாய் மீட்டர் போதும், ஐந்து நிமிஷ வேலை. இதைச் சொல்லித்தர ஏ.சி. செமினார் ஹால் வேண்டாம், மலேசியச் சுற்றுலா வேண்டாம், நடிகர் வந்து குத்துவிளக்கு ஏற்ற வேண்டாம். ஓடும் வண்டி ஒன்றும், அதை வேண்டுமென்றே கெடுத்து வைக்கத் தைரியமுள்ள வாத்தியார் ஒருவரும் வேண்டும். முதலாவதை வாங்கலாம். இரண்டாமவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமே! அங்கேதான் அறக்கட்டளையின் நெஞ்சு அடைக்கிறது.

பிள்ளைகளுக்கு வெளியே என்ன கிடைக்கிறது? 'பிளேஸ்மென்ட் 100 சதவீதம்' என்ற பேனரில் முகம் சிரிக்கும். முகத்துக்குச் சொந்தக்காரன் கால் சென்டரில் ஹெட்செட் மாட்டியிருப்பான். அதிர்ஷ்டம் இருந்தால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் டிரெய்னி. டிரெய்னியின் முதல் ஆறு மாதப் பாடத்திட்டம்: வாட்டர் வாஷ், வாக்வம் கிளீனர், டாஷ்போர்டு பாலிஷ். அப்ரண்டிஸ் சட்டம் 1961-ல் வந்தது, தொழில் கற்றுக்கொடுப்பதற்காக. நிரந்தர ஆள் போடாமல் ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகளைக் கொண்டு கார் கழுவும் திட்டம் அது என்று வாசித்துக்கொண்டார்கள் சில முதலாளிகள்.

வெளியே சொந்தமாகப் பட்டறை வைத்துப் பிழைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம். ஆனால் கம்பெனிகள் விட வேண்டுமே! ஸ்பேர் பார்ட்ஸையும், பழுது கண்டறியும் கருவிகளையும், தொழில்நுட்பத் தகவல்களையும் வெளிப் பட்டறைகளுக்குத் தராமல் பூட்டி வைத்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. நிறுவனங்கள் அதை எதிர்த்து வழக்குக்கு ஓடின. 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு 'பழுது பார்க்கும் உரிமை' என்று ஒரு இணையவாசல் திறந்தது. உரிமை வந்துவிட்டது. வயரிங் டயகிராம்தான் இன்னும் வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டாக வர வேண்டியிருக்கிறது.

ஆகவே நான்கு வருஷம் படித்த பிள்ளை, கடைசியில் எட்டாம் வகுப்போடு நின்ற மேஸ்திரியிடம் ஹெல்பராகச் சேர்கிறான். மேஸ்திரியைத் தூக்கிவைத்துக் கொண்டாடவும் எனக்கு மனசில்லை. பன்னிரண்டு வயதுப் பையனைச் சேர்த்து, டீ வாங்கவிட்டு, தவறினால் ஸ்பேனரால் மண்டையில் போட்டுத் தொழில் பழக்கிய பரம்பரை அது. அனுமானத்தில் கழற்றி, அதிர்ஷ்டத்தில் மாட்டுவதும் அங்கே உண்டு. ஆனால் அவர் முன்னால் பழுதான வண்டி நிற்கிறது. மாலைக்குள் அது கிளம்ப வேண்டும். அந்த ஒரு நிர்ப்பந்தம் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை, முப்பது ஏக்கர் வளாகம் ஒரு பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

தமிழ்நாடு அரசு தூங்கவில்லை. 2022-ல் டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை நவீன மையங்களாக்க ஒப்பந்தம் போட்டது. திட்ட மதிப்பு 2,877 கோடி ரூபாய். ரோபோ வருகிறது, சி.என்.சி. வருகிறது, மின்வாகனம் வருகிறது. வரட்டும், நல்லதுதான். அந்த இயந்திரத்தின் மேலும் பிளாஸ்டிக் தாள் உரிக்கப்படாமல் போனால் என்ன ஆகும் என்பதுதான் என் பயம். இந்த நாட்டில் இயந்திரம் வாங்கத் திறப்பு விழா உண்டு. வாத்தியாரைத் தேர்ந்தெடுத்து, வருஷா வருஷம் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிப் பழக்குவதற்கு ரிப்பன் கிடையாது, கத்தரிக்கோல் கிடையாது, போட்டோ கிடையாது. ஆகவே அது நடப்பதும் கிடையாது.

சிரிப்பை இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறேன். இதுவரை விஷயம் பணத்தோடு போனது. இனிமேல் உயிரோடு போகும். 12 வோல்ட் வண்டியில் கரன்ட் வருகிறதா என்று பார்க்க, வயரை பாடியில் உரசி ஸ்பார்க் பார்ப்பது நம் பட்டறைகளின் வழக்கம். ஃபியூஸ் போகும், அவ்வளவுதான். இன்று வீதிக்கு வந்திருக்கும் பல மின்சாரக் கார்களின் பேட்டரி 300, 400 வோல்ட். ஆரஞ்சு நிறக் கேபிளைத் தொடுவதற்கு முன் சர்வீஸ் டிஸ்கனெக்டைக் கழற்ற வேண்டும். கெப்பாசிட்டர் வடியக் காத்திருக்க வேண்டும். மீட்டர் வைத்துச் சுழியம் என்று உறுதி செய்ய வேண்டும். அதுவரை இன்சுலேஷன் கிளவுஸ் கையில் இருக்க வேண்டும். இந்த வரிசையில் ஒன்று தவறினால் அரியர் எழுதி மீள முடியாது. இதைப் பல கல்லூரிகள் எதை வைத்துச் சொல்லித்தருகின்றன? பவர்பாயின்டை வைத்து. கிளவுஸ் படம் போட்டுக் காட்டுகிறார்கள். நாளை ஒரு பிள்ளை கருகினால், 'பணியாளரின் கவனக்குறைவு' என்று இரண்டு வரிச் செய்தி வரும். கவனம் என்பது சொல்லிக்கொடுக்கப்பட வேண்டிய பாடம், அதற்கும் சேர்த்துத்தான் கட்டணம் வாங்கினீர்கள் என்று யாரும் எழுத மாட்டார்கள்.

எனக்கு ஒரு கோரிக்கைதான். செய்முறைத் தேர்வை மாற்றுங்கள். ஓடும் வண்டி ஒன்றைக் கொண்டுவாருங்கள். வெளியாள் ஒருவர் அதில் ஒரு பழுதை ஒளித்து வைக்கட்டும்: ஒரு எர்த் வயரைத் தளர்த்தட்டும், ஒரு ரிலேயை மாற்றி வைக்கட்டும். மீட்டரும் ஸ்கேனரும் கொடுத்து இரண்டு மணி நேரம் விடுங்கள். என்ன சந்தேகப்பட்டாய், ஏன் விலக்கினாய் என்று எழுதச் சொல்லுங்கள். மாணவனுக்கு முன்னால் இந்தத் தேர்வை அவனுடைய பேராசிரியர் எழுதட்டும், எத்தனை கல்லூரிகளில் இருக்கிறாரோ அத்தனை முறை. அவருக்கு முன்னால் ஆய்வுக் குழுவும் பாடத்திட்டக் குழுவும் எழுதட்டும். கரஸ்பாண்டென்ட் ஐயா எழுத வேண்டாம். அவர் பானெட்டைத் திறந்தால் போதும்.

எந்தத் தெருமுனைப் பட்டறையிலும் வண்டி கிளம்பாமல் முழுக் கூலி கேட்டால் சட்டையைப் பிடிப்போம். எட்டு செமஸ்டருக்கும் முன்பணமாகக் கூலி வாங்கிக்கொண்டு, வண்டியை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு, கறுப்பு அங்கி போர்த்திப் பட்டமும் கொடுத்து அனுப்புகிறவரைத்தான் நாம் 'கல்வித் தந்தை' என்று பேனரில் கும்பிடுகிறோம். வேலை முடியவில்லை, கூலியைத் திருப்பிக் கொடுங்கள், ஐயா.