அலமாரி வேண்டாத சேகரிப்பு

கேள்வி: விடுமுறைக்குப் போகும் ஊர்களில் குடும்பமாக ஏதாவது சேகரிக்க ஆசை. மாமல்லபுரத்துக் கிளிஞ்சலில் ஆரம்பிக்கலாமா?
– ஒரு வாசகி, சிங்கப்பெருமாள் கோயில்

பதில்: கிளிஞ்சல் கடலோடே இருக்கட்டும். பவளத்தையும் சில சங்கு வகைகளையும் எடுப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நீங்கள் குடைவரைகளை, அதாவது பாறையைக் குடைந்து எடுத்த கோயில்களைச் சேகரியுங்கள்! அலமாரி வேண்டாம், தூசு தட்டவும் வேண்டாம். ஒரு நோட்டு போதும்.

முதல் பக்கம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. பாடலாத்ரி நரசிம்மரின் நெற்றிக்கண்ணை, அர்ச்சகர் திருமண்ணை விலக்கித் தீபம் காட்டும்போது பார்த்திருப்பீர்கள். மூலவர் பாறையோடு பாறையாக இருப்பதால், அவரை வலம்வர மலையையே சுற்ற வேண்டும். பிள்ளைகள் அதை வரையட்டும். பாட்டி தலபுராணம் சொல்லட்டும். கையெழுத்து நன்றாக இருப்பவர் எழுதட்டும்.

அடுத்து, செங்கல்பட்டை ஒட்டிய வல்லம். பிறகு மாமல்லபுரம் வராக மண்டபம், சாளுவன்குப்பம் புலிக்குகை. முழுப்பரீட்சை லீவில் விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி எடுத்த கோயில் என்று பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் கல்வெட்டே அங்கே பெருமைப்படுகிறது.

தூணில் மட்டும் யாரும் பெயரைக் கீறிவிடாதீர்கள். அதற்குத்தான் நோட்டு இருக்கிறதே!