490-க்கும் 830-க்கும் நடுவே: வோபர்னில் நூல்வரிசைகளின் நடத்தை பற்றி ஒரு முன்னாய்வு

நூல்வரிசை என்பது யாது? முடிந்த பிறகும் முடியாத புத்தகம். இந்த வரையறை இக்கட்டுரையாளருடையது. மேற்கோள் காட்ட விரும்புவோர் தாராளமாகக் காட்டலாம். இதுவரை யாரும் காட்டவில்லை. எறும்பு எப்படி நடக்கிறது, திமிங்கிலம் எப்படிப் பேசுகிறது என்றெல்லாம் துருவிப் பார்த்த உலகம், நூலகப் பட்டியல் பதிவுக்குள் ஒரு வரிசைப் பெயர் எப்படி நடந்துகொள்கிறது என்பதை, அதுவும் வோபர்னில் வைத்து, பார்க்காமலே விட்டுவிட்டது. அந்தப் பெருங்குறையைப் போக்கவே இந்த முன்னாய்வு.

களம் வருமாறு. வோபர்ன், ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், ஸ்காபரோவில் இருக்கிறது. வடக்கே 401 நெடுஞ்சாலை இரைந்துகொண்டே இருக்கும். குறுக்கே எல்ஸ்மியர் வீதி, நெடுக்கே மார்க்கம் வீதி. மார்க்கம் வீதியை லோறன்ஸ் வீதி வெட்டும் இடத்தில் செடர்பிரே மோல். அதிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ரொறன்ரோ பொது நூலகத்தின் நூறு கிளைகளில் ஒன்றான செடர்பிரே கிளை. 54ஆம் இலக்க பஸ்ஸும் 102ஆம் இலக்க பஸ்ஸும் அந்தச் சந்தியில் ஆள் இறக்கும். ஏன் வோபர்ன் என்று மதிப்பீட்டாளர்கள் கேட்கக்கூடும். கட்டுரையாளர் அங்கேதான் குடியிருக்கிறார். பயணப்படி தருவார் இல்லை.

இனிப் பொருளுக்கு வருவோம். நூலகத் திரையில் நாம் பார்ப்பது பதிவின் வெளிப்பூச்சு. பூச்சைச் சுரண்டினால் உள்ளே மூன்றிலக்க எண்கள் வரிசையாக நிற்கும்: 100 என்றால் ஆசிரியர், 245 தலைப்பு, 300 பக்கமும் உயரமும். 1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்றியெட் அவ்ராம் தலைமையில் உருவான இந்த ஏற்பாட்டுக்கு மார்க் என்று பெயர். அவ்ராம் நூலகவியல் படித்தவர் அல்லர், கணினி நிரல் எழுதியவர். நூலகத்துக்கு வெளியிலிருந்து வந்தவர் என்பதால்தானோ என்னவோ, நூலகர்களின் ஆழ்மனதை அவரால் எண்களில் பிடிக்க முடிந்தது. அந்த ஆழ்மனம் முழுதாக வெளிப்படும் இடம் 490.

490 வரிசைக் கூற்றுக்கான புலம். புத்தகத்தின் முகப்பிலோ பின்னட்டையிலோ 'இன்ன வரிசையில் இத்தனையாவது நூல்' என்று பதிப்பாளர் போட்டிருந்தால், அது போட்டபடியே இங்கே ஏறும். ஆனால் புலத்தின் வாசலில் ஒரு குட்டி எண் உட்கார்ந்திருக்கிறது. அது 0 ஆக இருக்கலாம், அல்லது 1. பூச்சியம் என்றால் பட்டியலாளர் சொல்வது இது: 'புத்தகத்தில் அப்பிடிப் போட்டிருக்கு, நான் எழுதினன், அதுக்கு மேலை என்னைக் கேக்காதையுங்கோ.' ஒன்று என்றால்: 'போட்டிருக்கு, நானும் நம்புறன், கீழே 830ஐப் பாருங்கோ.' 830 என்பது அந்த வரிசைக்கு நூலகம் தீர்மானித்த நிலையான பெயர். பதிப்பாளர் ஒருமுறை 'இந்திய இலக்கியச் சிற்பிகள்' என்றும் அடுத்த முறை 'இந்திய இலக்கியச் சிற்பிகள் வரிசை' என்றும் அச்சடித்தால், 490 இரண்டையும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்ளும். 830 இரண்டையும் ஒரே பெயரின் கீழ் உட்கார வைக்கும். வாசகர் அந்தப் பெயரைத் தட்டினால் உடன்பிறப்புகள் எல்லாம் வந்து நிற்கும். 490 சாட்சி, 830 தீர்ப்பு. தமிழ் நூல்களுக்குச் சாட்சிகள் கிடைத்த அளவுக்குத் தீர்ப்புகள் கிடைக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

ஒரு பதிவைக் கிட்ட வைத்துப் பார்க்கலாம். மகாபாரதத்தை மறுபடி சொல்லும் ஜெயமோகனின் 'வெண்முரசு' நாவல் வரிசையில் வந்த 'நீலம்'. 245இல் 'நீலம்'. 490இல் 'வெண்முரசு, 4', வாசலில் 1. வரிசை முழுவதும் ஒரே ஆசிரியருடையது என்பதால் 830க்குப் பதில் 800: ஜெயமோகன், வெண்முரசு, 4. இவ்வளவு சரியாக இருந்தால் சண்டை இல்லை. வாசலில் பூச்சியத்தைப் போட்டுவிட்டு ஒருவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நீலம்' அனாதையாகிவிடும், சாயத்தொழில் பற்றிய கையேடு என்று நினைத்து யாராவது எடுத்தாலும் எடுப்பார்கள். 2014 முதல் 2020 வரை எழுதப்பட்ட 26 நாவல்களையும் வரிசை எண் இல்லாமல் அகரவரிசையில் அடுக்கிப் பார்த்தால் இன்னும் விபரீதம். முதலில் வருவது 'இந்திரநீலம்', அது ஏழாவது நாவல். அடுத்தது 'இமைக்கணம்', அது பதினேழாவது. ஏழிலிருந்து நேரே கீதைக்குத் தாவ வேண்டும். கடைசியில் நிற்பது 'வெய்யோன்', அது ஒன்பதாவது. உண்மையான முதல் நாவலான 'முதற்கனல்' பெயரிலேயே முதலை வைத்திருந்தும் இடையில் எங்கோ மாட்டிக்கொண்டு கிடக்கும். வியாசரே வந்தாலும் கதை பிடிபடாது.

இந்தச் சாட்சி–தீர்ப்புச் சிக்கலில் உலகின் மிகப் பெரிய நூலகமே ஒருநாள் கையை உதறியது. 2006 ஏப்ரல் 20ஆம் தேதி காங்கிரஸ் நூலகம், இனிமேல் வரிசைகளுக்கு அதிகாரப்பூர்வப் பெயர்ப் பதிவுகள் உருவாக்கப் போவதில்லை என்று அறிவித்தது. மே 1 முதல் என்றார்கள். கூச்சல் கிளம்பியதும் ஜூன் 1 என்றார்கள். அதன் பிறகு அங்கே உருவான பதிவுகளில் எல்லா வரிசைகளுக்கும் பூச்சியம்தான். பட்டியலாளர்கள் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். பொதுவாகச் சத்தம் போடாதே என்று பலகை வைக்கும் இனம், ஒரு புலத்தின் வாசல் எண்ணுக்காகச் சத்தம் போட்டது. கட்டுரையாளர் முற்றிலும் அவர்கள் பக்கம். 2008இல் இன்னொரு சாவும் நடந்தது: சாட்சியையும் தீர்ப்பையும் ஒரே வரியில் முடித்துவந்த 440ஆம் புலம் வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பழைய பதிவுகளில் அது இன்னும் ஆவியாகத் திரிகிறது.

நம்மவர் ஒருவர் இதையெல்லாம் முன்கூட்டியே கண்டிருந்தார். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் அமர்ந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1934இல் வெளியிட்ட தமது பட்டியல் விதித்தொகுப்பில் வரிசைக் குறிப்புக்கு அடைப்புக்குறிக்குள் இடம் கொடுத்தார். வரிசையின் பெயரிலேயே தேடிப் பிடிக்கத் தனிப் பதிவும் வைத்தார். அதோடு நிற்கவில்லை. வரிசை என்று யாரும் பட்டம் கட்டாதபோதும் வரிசை போலவே நடந்துகொள்ளும் நூல்களுக்கு 'போலி வரிசை' என்று அவர் முறையில் தனிப் பெயரே உண்டு. போலி ஆய்வாளர் என்ற முறையில் கட்டுரையாளர் இந்த இடத்தில் எழுந்து நின்று வணங்குகிறார். இன்னொரு செய்தியும் உண்டு. 1931இல் வந்த அவருடைய 'நூலகவியலின் ஐந்து விதிகள்' சென்னை நூலகச் சங்க வெளியீட்டு வரிசையில் இரண்டாம் எண் கொண்டது. உலகமே அதைப் படித்தது. முதலாம் எண் எங்கே என்று எவரும் நூலகத்தில் சண்டை போட்டதாகத் தெரியவில்லை.

தமிழ் வரிசைகளின் வகைபிரிப்பில் கட்டுரையாளர் அதிகம் தடுமாறுகிறார் என்பதை மறைக்கத் தேவையில்லை, ஏனெனில் தடுமாற்றம் அவற்றின் இயல்பு. சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் தன் நூல்களுக்குக் 'கழக வெளியீடு' என்று எண் போட்டது. திருமுறையும் இலக்கணமும் பள்ளிப் பிள்ளைக்கான உரைநடையும் ஒரே எண்ணோட்டத்தில். இது வரிசையா, கடைச் சரக்குக் கணக்கா? பூச்சியம் போடுவதா, ஒன்றா? பட்டியலாளர் இரவில் தூக்கம் கெடுவது இங்கேதான். சாகித்திய அகாதெமியின் சிற்பிகளோ நேர் எதிர்: வரிசைப் பெயர் உண்டு, பாரதியும் உண்டு, புதுமைப்பித்தனும் உண்டு, முன்பின் இல்லை. எந்தச் சிற்பியும் எந்தச் சிற்பிக்கும் அடுத்தவர் அல்லர். இலக்கிய உலகில் இவ்வளவு சமாதானமான ஏற்பாடு வேறெதுவும் கிடையாது.

மாத நாவல்கள் மூன்றாவது இனம். 1969இல் தொடங்கிய 'ராணி முத்து' மாதம் ஒரு முழு நாவல் தந்தது. அதைப் பருவ இதழ் என்று கொண்டால் நூலகத்தில் ஒரே ஒரு பதிவு போதும். ஆனால் அதற்குள் இத்தனை நாவலாசிரியர்களும் பெயரில்லாமல் புதைந்துபோவார்கள். தனி நூல்கள் என்று கொண்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு, ஒவ்வொன்றிலும் 490இல் 'ராணி முத்து', கூடவே எண். எந்த நூலகரும் முதல் வழியைத்தான் விரும்புவார். எந்த நாவலாசிரியரும் இரண்டாவதை. 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கிய முத்து காமிக்ஸ் விஷயத்தில் மட்டும் நூலகர் தலையிடத் தேவையில்லை. அதன் வாசகர்கள் ஒவ்வோர் இதழின் எண்ணையும் மனப்பாடமாக வைத்திருப்பவர்கள்; 830 அவர்கள் இரத்தத்தில் ஓடுகிறது.

இனி இந்த ஆய்வின் இதயம்: 'பொன்னியின் செல்வன்'. இது வரிசை அன்று, பல பாக நூல் என்பது நூலகவியல் தீர்ப்பு. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையான பிறகு பதிப்பாளர் எண்ணிக்கை பெருகி, ஐந்து பாகமாக ஒன்று, தலையணை அளவில் ஒரே கட்டாக ஒன்று என்று எல்லா வடிவிலும் கிடைக்கிறது. ஐந்து பாகங்களையும் ஒரே பதிவில் போட்டு '5 தொகுதிகள்' என்று எழுதிவிடுவது பட்டியலாளருக்கு எளிது. வினை எங்கே என்றால், முன்பதிவு செய்யும் வாசகர் கேட்பது பதிவை. கணினி அனுப்புவது அந்தப் பதிவின் கீழ் கையில் கிடைக்கும் எந்தப் படியையும். பெயர் சொல்ல விரும்பாத ஒரு நூலகத்தில் முதற்பாகம் 'புது வெள்ள'த்துக்குப் பதிந்தவர் கையில் நான்காம் பாகம் 'மணிமகுடம்' வந்து சேர்ந்தது. வீராணம் ஏரிக்கரையில் குதிரை ஓடவில்லை, ஆடிப்பெருக்கு இல்லை. அதற்குள் சதி முற்றிவிட்டது. பாகத்துக்கு ஒரு பதிவாக, 'பொன்னியின் செல்வன். பாகம் 2, சுழற்காற்று' என்று தலைப்பிலேயே எழுதிவைத்தால் இந்த விபத்து நேராது. வேலை ஐந்து மடங்கு. நூலகருக்கு ஐந்து மடங்கு வேலை வைக்கத் தயங்காத ஆய்வாளர்களில் நானும் ஒருவன்.

பாகங்களின் உடலமைப்பும் கவனிக்கத்தக்கது. மூன்றாம் பாகத்தில் 46 அத்தியாயம், நான்காம் பாகத்தில் 46, ஐந்தாம் பாகத்தில் 91. அதாவது கடைசிப் பாகம் ஒன்றே முந்தைய இரண்டுக்கும் சமம், ஒரு அத்தியாயம் குறைவு. ஆனால் இரவல் காலம் எல்லாவற்றுக்கும் அதே 21 நாள். அந்தப் பாகத்துக்குத் 'தியாகச் சிகரம்' என்று கல்கி பெயர் வைத்தபோது வோபர்ன் வாசகரை மனதில் வைத்திருக்க நியாயமில்லை, இருந்தும் பொருந்துகிறது. ரொறன்ரோ பொது நூலகம் 2022இல் தாமதக் கட்டணத்தை நீக்கியது. இதற்கும் இரண்டாம் பாகங்களின் நீண்ட தலைமறைவுக்கும் தொடர்பு உண்டா என்பதை நிறுவத் தரவு போதவில்லை. சந்தேகம் போதிய அளவு கையிருப்பில் உள்ளது.

இது தமிழர் நோய் என்று யாரும் எண்ணவேண்டாம். இதே நகரத்தில் 1942இல் காலமான எல். எம். மொன்ற்கொமரியின் ஆன் நாவல்கள் 1908இல் தொடங்கின. ஆறு நாவல் வந்து, கதாநாயகியின் மகள் வளர்ந்து, 1921இல் எல்லாம் முடிந்தது போலிருந்தது. பிறகு 1936இல் ஒன்றும் 1939இல் ஒன்றும் வந்தன. கதைப்படி அவை நான்காவதும் ஆறாவதும். ஆக ஏழாவதாக வந்தது நான்காவது, எட்டாவதாக வந்தது ஆறாவது. எந்த எண்ணைப் பதிவில் போடுவது? பதிப்பாளர் போட்ட எண்ணை, என்கிறது விதி. பதிப்பாளர் மாறினால்? விதி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது.

பட்டியலே இல்லாமற்போனால் என்ன நடக்கும் என்ற பரிசோதனையை எந்த ஆய்வுக்குழுவும் அனுமதிக்காது. ஆனால் அது நடந்தது. 2023 அக்டோபர் 28 அன்று ரொறன்ரோ பொது நூலகத்தின் கணினிகளை இணையக் கொள்ளையர் முடக்கினார்கள். பட்டியலும் கணக்குகளும் மாதக்கணக்கில் இல்லை. திரும்பிவந்த புத்தகங்களைத் தட்டில் ஏற்ற வழியின்றி, ஏறத்தாழ பத்து லட்சம் படிகள் லொறிப் பெட்டிகளுக்குள் அடுக்கப்பட்டுக் காத்திருந்தன. 2024 பெப்ரவரியில்தான் சேவைகள் மீளத் தொடங்கின. அந்த மாதங்களில் 490உம் இல்லை, 830உம் இல்லை. எஞ்சியிருந்தவை தட்டும் வாசகரும் முதுகில் அச்சடித்த எண்ணும்தான். வரிசைகள் அப்போது எப்படி நடந்துகொண்டன என்பதை நேரில் கண்டவர்களிடம் கட்டுரையாளர் விசாரித்தார். பலரும் வானிலையைப் பற்றியே பேசினார்கள்.

தகவலாளிகளில் ஒருவர் மட்டும், லோறன்ஸ் வீதி அடுக்குமாடி ஒன்றில் வசிக்கும் பருத்தித்துறை அம்மையார், விரிவாக உதவினார். அவர் கையில் 'கொலைவாள்' இருந்தது, மூன்றாம் பாகம். இரண்டாம் பாகம் கிடைக்கும் வரை பொறுத்திருக்கலாமே, பதிவில் வரிசை எண் தெளிவாக இருக்கிறதே என்று கட்டுரையாளர் முறைப்படி வினவினார்.

"ரெண்டாம் பாகம் ஆரோ கொண்டு போட்டினம், தம்பி. நான் ஊரிலை கல்கியிலை வரேக்கையே வாசிச்சனான். கதை தெரிஞ்ச ஆளுக்கு என்ன வரிசை? எது கிடைக்குதோ அதை எடுக்கிறது, ராவிலை நாலு அத்தியாயம் வாசிக்கிறது, படுக்கிறது. நீங்கள் இன்னும் ஒண்டும் வாசிக்கேல்லையே?"

இந்தத் தரவு கருதுகோளுடன் பொருந்தாததால் ஆய்விலிருந்து நீக்கப்பட்டது.