கண்ணாடிப் பெட்டிக்குள் முல்லைத் திணை: பல்லியோடு குடியிருக்கும் செடிகள் பற்றி ஓர் ஆய்வு

1. ஆய்வின் நோக்கம்

பல்லி விழும் பலன் பற்றித் தமிழர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்று பஞ்சாங்கம் பக்கம் பக்கமாகப் பேசும். ஆனால் பல்லி செடியின்மேல் விழுந்தால் செடிக்கு என்ன பலன் என்று கேட்டால் பஞ்சாங்கம் வாயைத் திறக்காது. அந்தக் குறையை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது.

ஆய்வுக்களம், கிழக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமில் கட்டுரையாளரின் கூடம். ஆய்வுப்பொருள், 45 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 60 செ.மீ. உயரமும் கொண்ட கண்ணாடிப் பெட்டி. அதில் குடியிருப்பவர் கிரெஸ்டட் கெக்கோ இனத்தைச் சேர்ந்த லட்டு என்னும் பல்லியார். எடை 40 கிராம். உரிமையாளர் பதினொரு வயது மகள். செலவு மட்டும் கட்டுரையாளருடையது.

ஊரிலிருந்து வந்திருந்த என் தாயார் பெட்டியை ஒருமுறை வலம் வந்துவிட்டு, "பல்லியைக் காசு குடுத்தாடா வாங்கினே? நம்ம வீட்டு டியூப்லைட்டுக்குப் பின்னால நாலு கெடக்குமே" என்றார். இத்துறையில் எழுந்த முதல் விமர்சனம் இதுவே. இதற்கான மறுப்புரை இன்னும் எழுதப்படவில்லை.

2. முன்னோர் கண்டவை

எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறது வெல்க்ளோஸ் சதுக்கம். அங்கே நதானியல் பாக்‌ஷா வார்டு என்றொரு மருத்துவர் வாழ்ந்தார். லண்டன் புகையில் அவர் வளர்த்த பெரணிகள் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. 1829-ல் அவர் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு மூடிய கண்ணாடிப் புட்டியில் வைத்து, பூச்சி எப்போது வெளிவரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் பார்த்தால் மண்ணில் பெரணியும் புல்லும் முளைத்திருந்தன! அதிலிருந்து பிறந்ததுதான் வார்டு பெட்டி. 1876-ல் கியூ தோட்டத்து ரப்பர் நாற்றுகள் இலங்கைக்குக் கப்பலேறியது அத்தகைய பெட்டிகளில்தான்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வார்டின் கண் முழுக்கப் பூச்சிமேல் இருந்தது. பெரணி தப்பித்தது. வாசகர் இதை நினைவில் வைக்க.

லட்டுவின் குலவரலாறும் சிறிது. இவ்வினத்தை கிஷனோ என்ற பிரெஞ்சுக்காரர் 1866-ல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். பின்னர் அழிந்தே போயிற்று என்று எல்லோரும் கைவிட்ட நிலையில், 1994-ல் மறுபடி கண்ணில் பட்டது. ஒளிந்துகொள்ளும் கலையில் இதைவிடப் பெரிய பட்டம் எந்தப் பல்லிக்கும் கிடைத்திருக்காது.

3. திணை வகுத்தல்

தொல்காப்பியர் முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தது கண்ணாடிப் பெட்டிக்கும் பொருந்தும். பொருந்தாத பெட்டியில் செடி செத்துப்போகும்.

முதற்பொருளாவன நிலமும் பொழுதும். லட்டுவின் பூர்வீகம் பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியாக் காடு. பகலெல்லாம் தூங்கி, அந்தி சாய்ந்ததும் எழும். அப்போது தண்ணீர் தெளித்தால் இலையில் நிற்கும் துளிகளை நக்கிக் குடிக்கும். காடு, மாலை, மழை. ஐயமே வேண்டாம், இது முல்லை. வெப்பம் 22 முதல் 26 டிகிரி செல்சியஸ் போதும்; 28-ஐத் தாண்டினால் ஆகாது.

கருப்பொருளாவன மணி பிளான்ட், பாம்புச்செடி எனப்படும் மருள், பெரணி ஆகியவை. அடியில் தண்ணீர் வடிய 5 செ.மீ. உயரத்துக்குச் சுட்ட களிமண் உருண்டைகள், அதன்மேல் வலை, அதற்கும் மேல் 10 செ.மீ. அளவுக்குத் தென்னை நார்த்தூளும் மரப்பட்டைத் துண்டுகளும் கரியும் கலந்த படுகை. பொள்ளாச்சிப் பக்கமிருந்து கட்டி கட்டியாகக் கப்பலேறும் அதே நார்த்தூள்தான். "மட்டையை நாங்க அடுப்புல வைக்கிறோம். நீ பல்லிக்கு மெத்தை போடுறியா?" என்றார் தாயார்.

படுகைக்குள் ஸ்பிரிங்டெயில், ஐசோபாட் என இரு சிற்றுயிர்கள் உண்டு. முன்னது பூஞ்சையைத் தின்னும். பின்னது பல்லியின் எச்சத்தையும் உதிர்ந்த இலையையும் தின்று எருவாக்கும். ஆகவே கடை உரம் தேவையில்லை. ஐசோபாட் பூச்சி அன்று. இறாலுக்கும் நண்டுக்கும் பங்காளி. இதைக் கேட்டபின் தாயார் பெட்டியைச் சற்று மரியாதையோடு பார்த்தார்.

முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல், அதாவது பொறுத்திருத்தல். நட்ட செடி வேர் பிடிக்க ஒரு மாதமாவது ஆகும். அதற்குமுன் பல்லியை விட்டால் ஒரே தாவலில் செடி வேரோடு வந்துவிடும். இந்த ஒரு மாதமும் மகள் என்னோடு பேசவில்லை. முல்லைக்குள் மருதத்தின் ஊடல் புகுந்தது. இலக்கணம் இதைத் திணைமயக்கம் என்னும். அழகாக இருக்கிறதே என்று பாலைக்குரிய கள்ளியொன்றை நான் முல்லையில் நட்டதும் அதே மயக்கம்தான். பத்தே நாளில் அடி அழுகிச் சாய்ந்தது.

4. திருட்டுக் கருதுகோள்

மணி பிளான்ட்டைத் திருடி வைத்தால்தான் துளிர்க்கும் என்பது தமிழர் இல்லங்களில் வழிவழி வரும் கருதுகோள். இதுவும் சோதிக்கப்பட்டது.

முதற்செடி நாணயமாக எட்டுப் பவுன் கொடுத்துக் கடையில் வாங்கப்பட்டது. கடைச் செடியில் பூச்சிமருந்து இருக்கலாம் என்பதால் இலைகளைக் கழுவி, மண்ணை மாற்றி, ஒரு மாதம் தனியே வைத்து, முறைப்படி நட்டோம். ஆறே வாரத்தில் இலைகள் ஒவ்வொன்றாய் மஞ்சளாகின.

இரண்டாம் செடி, இரண்டு தெரு தள்ளியுள்ள நண்பர் வீட்டுப் பிறந்தநாள் விருந்தில், கேக் வெட்டும் நேரத்தில், இரண்டு கணுக்களோடு கிள்ளப்பட்டு, கோட்டுப் பையில் கடத்தப்பட்டது. கணுதான் முக்கியம், வேர் அங்கிருந்துதான் வரும். அது துளிர்த்தது.

காரணம் என்னை? கடைச்செடி கண்ணாடிக் கொட்டகையின் நிறைந்த வெளிச்சத்திலும் உரத்திலும் வளர்ந்தது. புகுந்த வீட்டு இருட்டு அதற்குப் பேரிடி. நண்பர் வீட்டுச் செடியோ கூடத்து மூலையிலேயே பிறந்து வளர்ந்தது. ஆகவே செடி தழைப்பது திருட்டினால் அன்று. நாம் திருடுவது பெரும்பாலும் வீட்டுச் செடியாக இருப்பதனால். கடையில் திருடினால் பலிக்காது என்பது இதன் துணைமுடிபு. அது சோதிக்கப்படவில்லை. நண்பருக்கு இக்கட்டுரை அனுப்பப்படவும் இல்லை.

5. தடையும் விடையும்

முதற்செடியைக் கொன்றது யார் என்பது இனி.

பல்லியே கொன்றது எனின், அன்று. 40 கிராம் தாவி விழுந்தால் தண்டு வளையும், இலை கிழியும், உயிர் போகாது. இலைமேல் எச்சமோ, லட்டு தின்னும்போது சிந்திய மாம்பழப் பொடிக் குழம்போ கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். ஈரத்துணியால் துடைத்தால் தீர்ந்தது.

இருள் கொன்றது எனின், பாதி மெய். நம் கண் மங்கிய வெளிச்சத்துக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டு, அறை பளிச்சென்று இருப்பதாகச் சாதிக்கும். அந்தப் பாசாங்கு இலைக்குத் தெரியாது. வெளிச்சத்தை வைத்துத்தான் அது சமைத்துச் சாப்பிட வேண்டும். பெட்டியை வெயிலுக்கு நகர்த்தலாமோ எனின், கூடவே கூடாது. நேர்வெயிலில் கண்ணாடிப் பெட்டி அடுப்பாகிவிடும். மேலே ஓர் எல்.இ.டி. விளக்கு, நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம், டைமரோடு. இதைச் செய்தும் செடி தேறவில்லை.

தண்ணீர் கொன்றது எனின், அதுவே. செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் கறுத்து, வழவழத்து, சாக்கடை நாற்றம் அடித்தது. இரு விரலால் பிடித்து இழுத்ததும் மேல்தோல் உறைபோலக் கழன்று வந்தது; கையில் மிஞ்சியது நூல் போன்ற நரம்பு மட்டும். மண்துகள்களுக்கு இடையே காற்று இருந்தால்தான் வேர் மூச்சுவிடும். அங்கே ஓயாமல் தண்ணீர் நின்றால் வேர் மூச்சுமுட்டி அழுகும். அழுகிய வேரால் உறிஞ்ச முடியாது. இலை வாடும். வாடிய இலையைப் பார்த்தவர் இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்.

விசாரித்ததில் தெரியவந்தது: பள்ளிக்குப் போகுமுன் மகள் தெளிக்கிறாள். மதியம் தாயார், "பாவம், வாடிக் கெடக்கே" என்று ஒரு டம்ளர். மாலையில் மனைவி. இரவில் நான். நால்வரும் தனித்தனியே, மற்றவர் மறந்திருப்பார் என்ற நல்லெண்ணத்தில்.

6. கட்டுப்பாட்டுக் குழு

திருடிய கொடியின் மீதித் துண்டை அன்றே ஓர் ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டுச் சமையலறை ஜன்னலில் வைத்தோம், அப்புறம் மறந்துவிட்டோம். அது இன்று திரைச்சீலைக் கம்பியைப் பிடித்துவிட்டது. தண்ணீரிலேயே நிற்கும் வேர் ஏன் அழுகவில்லை எனின், தண்ணீரிலேயே முளைத்த வேர் அதற்கேற்ப அமைந்துவிடும் என்க. மண்ணில் பிறந்த வேரைத் திடீரென்று மூழ்கடிப்பதுதான் கொலை.

வார்டின் பெரணிக்கும் எங்கள் ஊறுகாய்ப் பாட்டிலுக்கும் பொதுவானது ஒன்றே: இரண்டையும் யாரும் கவனிக்கவில்லை.

7. முடிவு

இப்போது தெளிப்பான் மகளின் பொறுப்பில் மட்டும் இருக்கிறது. மாலையில் ஒருமுறை, இலை நனையும் அளவுக்கு. மறுநாள் மாலைக்குள் பெட்டி காய்ந்திருக்க வேண்டும். லண்டன் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், இலையில் வெள்ளைப் புள்ளி விழும் என்பதால் வடிகட்டிய நீர். திருடிய கொடி பெட்டியின் மேல்வலையைத் தொட்டுவிட்டது. போன வாரம் மூன்று நாள் லட்டுவைக் காணோம். சோபாவைப் புரட்டித் தேடினோம். கடைசியில் ஒரு மணி பிளான்ட் இலைக்குப் பின்னால், இமையில்லாத கண்ணைத் தானே நக்கித் துடைத்தபடி உட்கார்ந்திருந்தது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். செடி வாடியிருந்தால் தண்ணீர்ச் செம்பைத் தூக்குமுன் ஒரு விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். விரல் நனைந்தால் கையைத் துடைத்துக்கொண்டு போய் உட்காருங்கள்.