கூட்டம் இராத நாள்

திருமலைக்கு என்றைக்குப் போனால் கூட்டம் இராது என்பது உலகத்தில் தமக்கு ஒருவருக்கு மட்டுமே தெரியும் என்ற திடசித்தத்தோடு வாழ்கிற பெரியவர் ஒருவர் இல்லாத குடும்பம் சித்தூர்ச் சீமையில் கிடையாது. சித்தப்பா, பெரியப்பா, தாய்மாமன், ஓய்வுபெற்ற அத்தான் என்று உறவுமுறை வீட்டுக்கு வீடு மாறுமே தவிர, ஆசாமி ஒருவர்தான். பஞ்சாங்கத்தையும், பள்ளிக்கூட விடுமுறைப் பட்டியலையும், தெலுங்கர் முகூர்த்தத்தையும், தமிழர் முகூர்த்தத்தையும், பெங்களூர்க்காரர்களுக்குச் சம்பளம் வருகிற தேதியையும், கிரிக்கெட் பந்தயம் நடக்கிற நாட்களையும் ஒன்றோடொன்று வைத்துக் கழித்து, மிச்சமாய் விழுகிற ஒரு கிழமையைக் கையில் எடுத்துக்கொண்டு, "வர்ற புதன்கிழமை போனோம்னா ஈ காக்கா இருக்காது" என்று அவர் தீர்ப்பளிக்கும்போது, நாளொன்றுக்கு 60,000 பேரும் 80,000 பேரும் வந்துபோகிற அந்தச் சந்நிதியில் வேங்கடாசலபதி தன்னந்தனியாக இவரை எதிர்பார்த்து நிற்கிறார் என்றே கேட்பவர்க்குத் தோன்றிவிடும்.

தீர்ப்பு வருகிற சமயம் பெரும்பாலும் மே மாதமாக இருக்கும். வீடு அப்போது கிடக்கிற கிடப்பு அவர் கண்ணில் படுவதில்லை. மாந்தோப்புக் குத்தகைக்காரர் கணக்குத் தீர்க்க வந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார். குழாயில் தண்ணீர் இன்றைக்கு வருமா நாளைக்கு வருமா என்று பெண்கள் குடத்தோடு தர்க்கித்துக்கொண்டிருப்பார்கள். மூத்த பையன் நுழைவுத் தேர்வுக்குப் படிப்பதாகப் பெயர் பண்ணிக்கொண்டு புஸ்தகத்தின் மேல் தூங்குவான். மொட்டை மாடியில் பழைய வேஷ்டியை விரித்துப் பாதி பிழிந்த வடகம், காக்கை விரட்ட ஆளின்றி, காய்ந்துகொண்டிருக்கும். இவ்வளவு அமளிக்கும் நடுவே வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போதே, "எப்பப் பார்த்தாலும் வீடு, வீடு! ஒரு நாளாவது குடும்பத்தோட மலை காடுன்னு காலாற நடந்துட்டு வரலாமில்ல?" என்று ஆரம்பித்து, சொம்புத் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் கிழமை, நேரம், ஏறுகிற வழி, எத்தனை புளியோதரைப் பொட்டலம் என்பது வரை நிச்சயம் செய்துவிடுவார். வடகத்தை என்ன செய்வது என்று கேட்கத் துணிந்த பெண்மணிக்கு, "அது எங்க ஓடிடப் போவுது" என்று பதில் கிடைக்கும்.

அவருடைய தர்க்கசாஸ்திரத்தைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். சனிக்கிழமையன்று கூட்டம் என்பது ஊரறிந்த விஷயம். ஊரறிந்த விஷயமாகையால் புத்தியுள்ளவன் ஒருவனும் சனிக்கிழமை வரமாட்டான். புத்தியுள்ளவர்கள் வராதபடியால் சனிக்கிழமை கூட்டம் இராது. புரட்டாசி மாதத்தில் தமிழ்நாட்டு ஜனங்கள் திரளாக வருவார்கள் என்று சொன்னால், அதற்குப் பயந்து தெலுங்கு ஜனங்கள் வரமாட்டார்கள் என்பார். மழை பெய்தால் நனைவதற்கு அஞ்சி வரமாட்டார்கள். பிரம்மோற்சவம் முடிந்த மறுநாள், நேற்றுவரை இருந்தவர்கள் களைத்துப்போய் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். தேர்தல் நாளில் எல்லோரும் ஓட்டுப் போட நிற்பார்கள். இந்தச் சாஸ்திரத்தில் 'எல்லோரும்' என்ற சொல்லுக்குத் தம்மையும் தம் குடும்பத்தையும் நீக்கிய மற்ற மனித குலம் என்று அர்த்தம். அந்த மனித குலம் இவர் எதை யோசிக்கிறாரோ அதை ஒருபோதும் யோசிப்பதில்லை.

இதன் உச்சியைத் தும்புரு தீர்த்தத்தில் கண்டோம். சேஷாசலக் காட்டுக்குள் பாறைகளின் இடுக்கில் இருக்கிற அந்தத் தீர்த்தத்துக்கு ஆண்டில் பங்குனி உத்திரப் பௌர்ணமியை ஒட்டித்தான் ஜனங்களை நடந்துபோக அனுமதிப்பார்கள். ஆண்டுக்கொரு முறை மட்டும் கதவு திறக்கிற இடத்தில் அன்றைக்கு என்ன நடக்கும் என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லிவிடும். இவரோ, "காட்டுக்குள்ள எவன் வருவான்?" என்றார். காடு என்பதற்கு அடையாளமாக ஒரு மரத்தையாவது முழுசாகப் பார்க்க முடியாமல், முன்னால் போகிறவர் முதுகில் தொங்குகிற பையையே தரிசித்துக்கொண்டு, போக வர நடந்தோம். தேவஸ்தானத்தார் வழியில் மோரும் அன்னமும் வழங்கியதால் உயிர் தப்பிற்று.

ஆனாலும் அவருக்கு அத்யந்தப் பிரியமானது அக்கினி நட்சத்திரத்தில் ஸ்ரீவாரி மெட்டு நடைவழியில் மலையேறுவது. அலிபிரி வழியில் 3,550 படி. முழங்கால் முறிச்சான் என்று தமிழர்கள் காரணப் பெயர் வைத்த செங்குத்தான ஏற்றம் அந்த வழியில்தான் இருக்கிறது. ராமானுஜர் அதன் மேல் கால் வைக்க மனமின்றி முழங்காலால் ஏறினார் என்று ஐதிகம். ஸ்ரீநிவாச மங்காபுரத்துப் பக்கத்து ஸ்ரீவாரி மெட்டிலோ 2,388 படிதான், தூரமும் குறைவு. சித்தூரிலிருந்து பாகாலை, சந்திரகிரி வழியாகப் போகிறவர்கள் திருப்பதி ஊருக்குள் நுழையாமலே அடிவாரத்தை அடைந்துவிடலாம். "இந்த வெயில்ல யார் வருவான்?" என்பது அவர் வைத்த சித்தாந்தம். பாலைவனம் பார்க்க ராஜஸ்தானம் போக வேண்டிய அவசியம் ராயலசீமைக்காரனுக்கு இல்லை. ஸ்வர்ணமுகி நதி என்று பலகையில் எழுதியிருக்கும், பாலத்தின் கீழே மணல் இருக்கும். கல்லும் முள்ளுமாகக் குன்றுகள் காய்ந்து நிற்க, அவற்றின் நடுவே வெறுங்காலோடு குடும்பத்தை இறக்கிவிட்டு, தலையில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு, பெருமாள் பெயரை ஒரு முறையும் தம் கணிப்பை மறு முறையும் உச்சரித்தபடி அவர் முதல் படியில் கால் வைப்பார்.

இருநூறு படி ஏறுவதற்குள் விஷயம் வெளியாகிவிடும். பெரிய அத்தை படிக்குப் படி மஞ்சளும் குங்குமமும் வைப்பதாக வேண்டிக்கொண்டவள். கட்டைவிரலால் மஞ்சளை அழுத்தி, மோதிரவிரலால் குங்குமத்தை அதன் நடுவில் தொட்டு, நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அடுத்த படிக்குக் குனிவாள். அவளுக்கு முன்னே வேறொரு வீட்டு அத்தை இதையே செய்துகொண்டிருப்பாள், அவளுக்கு முன்னே இன்னொருத்தி. ஒரே படியில் வைக்க இடமில்லாமல் மூன்று குடும்பத்து மஞ்சளும் ஒன்றாய்க் குழைந்து கிடக்கும். பின்னால் திரும்பினால், கண்ணுக்கு எட்டிய மட்டும் மொட்டைத் தலைகளும், தோளில் ஏறிய குழந்தைகளும், "கோவிந்தா" கோஷமும். நிபுணர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, படியோரத்துச் சுவரில் சாய்ந்து, உள்ளபடியே மனம் நொந்து கேட்பார்: "இவங்கல்லாம் ஏன் இன்னிக்கி வந்தாங்க?"

அந்தக் கேள்வியில் கபடமே கிடையாது. தாம் கூட்டத்தில் ஒருவர் என்ற எண்ணம் அவருக்கு ஜன்மத்தில் வராது.

கிருஷ்ணதேவராயர் 1513-க்கும் 1521-க்கும் இடையில் ஏழு முறை திருமலைக்கு வந்தார். சந்திரகிரியில் தங்கி ஸ்ரீவாரி மெட்டு வழியாகத்தான் ஏறினார் என்று பேச்சு. இரு தேவியரோடும் கைகூப்பி நிற்கிற அவருடைய உலோகச் சிலை கோயிலுக்குள் இன்றும் இருக்கிறது. ராயர் எந்தக் கிழமையில் வந்தார் என்பது பற்றி நிபுணரிடம் ஒரு கொள்கை உண்டு. யானை, குதிரை, பல்லக்கு, பரிவாரத்தோடு வந்த ராஜா கூட்டமில்லாத நாளைத் தேடியிருக்க நியாயமில்லை, கூட்டத்தைக் கையோடு கொண்டுவந்தவர் அவர்தானே என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். பதினெட்டுப் பேரை வேனில் அடைத்துக்கொண்டு வந்திருந்த நிபுணர் அதிலிருந்த உள்குத்தைக் கவனிக்கவில்லை. "அப்ப மலைக்கு ரோடு கிடையாதுப்பா. 1944-ல போட்டானுங்க பாரு, அன்னியோட கெட்டுது" என்று பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

அவரை முழுமையாகப் புரிந்துகொள்ள வைகுண்டம் வரிசை மண்டபத்தில் பார்க்க வேண்டும். நள்ளிரவு தாண்டி, பிள்ளைகள் தரையில் சுருண்டு, பெண்கள் கம்பியில் சாய்ந்து, பால் கொடுக்கும் நேரத்துக்காகக் காத்திருக்கையில், பக்கத்துக் குடும்பத்திலிருந்து அதே வயது, அதே ஈரத் துண்டு, அதே ஆள்காட்டி விரலோடு ஒருவர் நகர்ந்து வருவார்.

"எந்த ஊருங்க?"

"சித்தூரு. நீங்க?"

"வேலூருங்க. புதன்கிழமைன்னா கூட்டம் இருக்காதேன்னு வந்தோம்."

"நானும் அதான் சொல்லிக் கூட்டியாந்தேன். நாளைக்கி வந்திருக்கணும்."

"ஆமாங்க, நாளைக்கி ஃப்ரீயா இருக்கும்."

இதைக் கேட்டபோதுதான் எனக்கு ரகசியம் துலங்கிற்று. அந்த மண்டபத்தில் அறை அறையாக அடைந்து கிடந்த அத்தனை குடும்பங்களுக்கும் தலைக்கு ஒரு நிபுணர் இருந்தார். கூட்டம் இராத நாளைக் கண்டுபிடிக்கத் தெரியாத சாமானிய ஜனங்கள் அன்றைக்கு வீட்டிலேயே இருந்திருப்பார்கள்.

இவ்வளவையும் சிரித்துக்கொண்டே பொறுத்த நான் பொறுக்காத ஒன்றும் உண்டு. 2023 ஆகஸ்டு மாதத்தில் அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சிறுத்தை கொன்றது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பிற்பகல் 2 மணிக்கு மேல் நடைவழியில் விடுவதில்லை என்றும், நடப்பவர் கையில் தடி கொடுப்பதென்றும் தேவஸ்தானம் ஏற்பாடு செய்தது. நாடே அந்தப் பெற்றோரை நினைத்து மனம் பதைத்திருந்த அந்த வாரத்தில், நம் நிபுணர் செருப்பைக் கழற்றியபடி, "இப்பப் போனா வழி காலியா இருக்கும்" என்றார். வீட்டில் இரண்டாம் வகுப்புப் படிக்கிற குழந்தை ஒன்று தரையில் படம் வரைந்துகொண்டிருந்தது. ஒருவரும் பதில் பேசவில்லை. இத்தகையவர்களுக்குக் கணக்கு முற்றிப்போய், கூட்டம் என்பது மனிதர்களால் ஆனது என்பதே மறந்துவிடுகிறது. அதை நகைச்சுவை என்று எழுதிக் கடந்துபோக எனக்குச் சம்மதமில்லை. பெரிய அத்தைதான் கடைசியில் வாய் திறந்தாள்: "நீ போய்ட்டு வாடா. கொழந்தைங்க எங்கியும் வராது."

அன்றைக்கு அவர் போகவில்லை. வெகுநேரம் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, காப்பி குடிக்காமல் எழுந்து போனார். அப்புறம் இரண்டு மாதம் எந்தக் கிழமையைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லவில்லை. வீட்டில் ஒருவிதமான நிம்மதி நிலவியது. அந்த நிம்மதியில் குத்தகைக்காரர் வந்தார், தண்ணீர் வந்தது, வடகம் காய்ந்தது, ஒருவரும் வாசலைத் தாண்டி எங்கும் போகவில்லை. அவருடைய அநியாயத் தீர்ப்புகள் இல்லாவிட்டால் எங்கள் வீட்டுப் பெண்கள் சந்திரகிரிக் கோட்டையையும், நடைவழி ஓரத்துக் குரங்குகளையும், மலையுச்சியில் திடீரென்று முகத்தில் அடிக்கிற குளிர்ந்த காற்றையும் இந்த ஜன்மத்தில் அறிந்திருக்க மாட்டார்கள் என்பதை அவர் இல்லாத சமயத்தில் ஒப்புக்கொள்ளலாம்.

சென்ற ஆண்டு அவருக்கு முழங்கால் வலி. பிள்ளைகள் தாங்களாகவே மாதக்கணக்கில் முன்னதாகக் கைப்பேசியில் 300 ரூபாய்ச் சீட்டு வாங்கி, மலைக்குப் பேருந்தில் ஏறி, சாவகாசமாகத் தரிசனம் செய்துவிட்டு லட்டுப் பையோடு வெளியே வந்த தருணத்தில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. "கூட்டம் எப்படி?" என்றார். இருந்தது என்று சொன்னால், "என்ன ஒரு வார்த்தை கேட்டியா நீ?" என்பார், இல்லை என்று சொன்னால், "வியாழக்கிழமைன்னு நான் எப்பவோ சொல்லியிருக்கேன்" என்பார். மருமகன் தொலைபேசியைப் பெரிய அத்தையிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.