அம்பத்தூரில் எஸ்டேட் ரயில் விடுவது எப்படி?

முதலில் எதையும் வெளியே சொல்லாதீர்கள். அம்பத்தூரில் எஸ்டேட் என்றால் பஸ் நிலையம், இல்லையென்றால் லேத் பட்டறை. "எஸ்டேட் ரயில் செய்கிறேன்" என்றால், "எந்த கம்பெனி, எந்த ஷிஃப்ட்?" என்பார்கள்.

எந்த ரயிலின் மாடலைச் செய்வது? ஊட்டி ரயில் வேண்டாம்; அதில் போகாத ஆளில்லை, ஆளாளுக்குத் திருத்துவார்கள். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஓடிய குண்டளப் பள்ளத்தாக்கு ரயிலைப் பிடியுங்கள். முதலில் மாடு இழுத்த மோனோ ரயில். 1908இல் இரண்டடி அகல நேரோ கேஜ். டாப் ஸ்டேஷனில் இறக்கிய தேயிலை, ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, வண்டியில் போடிநாயக்கனூர் போய், பிறகு கப்பலேறும். 1924 வெள்ளத்தோடு எல்லாம் போயிற்று. நேரில் பார்த்தேன் என்று சண்டைக்கு வர யாருமில்லை.

அளவு 1:76. இரண்டடியை வகுத்தால் எட்டு மில்லிமீட்டர். விற்கிற தண்டவாளமோ ஒன்பது. அந்த ஒரு மில்லிமீட்டரை நினைத்துச் சில இரவு தூக்கம் போகும். பழகிவிடும். மூணாறு–டாப் ஸ்டேஷன் இன்றைய சாலையில் சுமார் 32 கி.மீ.; உங்கள் கணக்கில் 421 மீட்டர். எங்கள் தெருவே அவ்வளவு நீளமில்லை. இருப்பது பத்தடிப் பலகை. எனவே ஒரே ஸ்டேஷன் போதும். வண்டி ஒரு சுற்று வருவதற்குள் பெயர்ப்பலகையைத் திருப்பி வையுங்கள்.

சக்கரத்துக்கு லேத் பட்டறைக்குப் போகாதீர்கள். நான் போனேன். டர்னர், மாதிரிச் சக்கரத்தை உள்ளங்கையில் வைத்து, டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, தூசி போக ஊதினார். சக்கரம் இரும்புச் சுருளுக்குள் போய் விழுந்தது. அரைமணி நேரம் இருவரும் குந்தித் தேடினோம். "டாங்கி பார்ட்டெல்லாம் ஓட்டியிருக்கேன் சார். இது மூக்குத்தி வேலை. ஆசாரிகிட்ட போங்க."

தேயிலைச் செடிக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார். மண்ணுக்கு, வடிகட்டிய டீத்தூள் சக்கை. ஆனால் அதை நன்றாகக் காயவைக்க வேண்டும். நான் ஈரத்தோடு ஒட்டினேன்; மூன்றாம் நாளே மலை முழுக்க வெள்ளைப் பூஞ்சை. மூணாறு பனி என்று சமாளித்தேன்.

நவராத்திரி வந்தால் பலகை உங்களுடையது அல்ல. அது கொலு பார்க். தண்டவாளத்தின் நடுவே கேழ்வரகு முளைக்கும். ஸ்டேஷனில் மூன்றங்குலச் செட்டியார் கடை விரிப்பார். 1:76 கணக்கில் அவர் உயரம் 19 அடி. அவரை நகர்த்தச் சொல்லும் தைரியம் எனக்கு வந்ததில்லை.

கடைசியாக, 1924 வெள்ளத்தையும் தத்ரூபமாகக் காட்ட வேண்டுமா? கொரட்டூர் ஏரிப் பக்கம் தரைத்தளத்தில் வாடகைக்குப் போய், பலகையைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுக் கார்த்திகை வரை பொறுங்கள். இன்ஜினை மட்டும் முன்கூட்டியே எடுத்து ஃப்ரிட்ஜ் மேல் வையுங்கள். செட்டியார் மிதப்பார்.