ராமர் தந்த பட்டியல்

ஜவ்வாது மலையடிவாரப் படவேட்டில், யோக ராமர் வில்லில்லாமல் சின்முத்திரையோடு அமர்ந்திருக்கிறார். எதிரே அனுமன், ஓலைச்சுவடியும் கையுமாக. முக்திகோபநிஷதத்தில் இந்த இருவரின் உரையாடல் வருகிறது. முக்திக்கு மாண்டூக்கிய உபநிடதம் ஒன்றே போதும். தேறாவிட்டால் 10, பிறகு 32, அதற்கும் மேல் 108 உபநிடதங்கள் என்கிறார் ராமர்.

நம் அலுவலகங்களிலோ வழிகாட்டிக் குறிப்புகள் 108-ம் முதல் நாளே வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப்பாக வந்து விழும். "எல்லாம் இதுலயே இருக்கு, பார்த்துக்குங்க" என்பார் மேலாளர். ஆளுக்கொரு கட்டைவிரலை உயர்த்திவிட்டு, லீவ் லெட்டர் எப்படி எழுதுவது என்று பக்கத்து நாற்காலியைக் கேட்பார்கள்.

கேட்பவர்களே, முதலில் திறந்து பாருங்கள். அனுப்புபவர்களே, ஒன்றே ஒன்றை அனுப்பி, புரிந்ததா என்று எதிரில் உட்கார்ந்து கேளுங்கள்.