தனிக்குடித்தனத்தின் செலவு

எந்த பிரவுசர் ரேமைக் குறைவாகத் தின்னும் என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வைத்திருப்பார்கள். “குரோமைத் தூக்கிப் போடு” என்பார் நண்பர். “எட்ஜுக்கு மாறுங்க மாப்ள” என்பார் மைத்துனர். “பிரேவ்தான் சார்” என்பார் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தம்பி. மூன்றுக்கும் உள்ளே இருப்பது ஒரே குரோமியம். ஓபரா 2013-லேயே அந்தக் குடும்பத்தில் சேர்ந்துவிட்டது, எட்ஜ் 2020-ல். பயர்பாக்ஸும் சஃபாரியும்தான் வேறு வம்சம்.

இந்தப் பெருந்தீனிக்கு நியாயம் இல்லாமல் இல்லை. 2008-ல் குரோம் வந்தபோது டேபுக்கு டேப் தனிக்குடித்தனம் வைத்தார்கள். ஒரு வீட்டில் அடுப்பு வெடித்தாலும் பக்கத்து வீட்டில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும். அதற்கு முந்தைய கூட்டுக்குடும்பத்தில் ஒரு பக்கம் மண்டையைப் போட்டால் மொத்த பிரவுசரும் கூடவே போய்விடும். ஆனால் தனிக்குடித்தனம் என்றால் மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் வீட்டுக்கு ஒன்று வேண்டுமே! 2018-ல் ஸ்பெக்டர் என்ற ஓட்டை வெளியே தெரிந்ததும், ஒரு தளம் இன்னொன்றை எட்டிப் பார்க்காமலிருக்கச் சுவரும் எழுப்பினார்கள். அதற்கு 10 முதல் 13 சதவீதம் ரேம் கூடுதலாகும் என்று கூகிளே சொன்னது. திருட்டுப் பயத்துக்குக் கட்டிய சுவர். குறை சொல்ல மாட்டேன்.

அளக்கிற லட்சணம்தான் தமாஷ். எல்லாக் குடித்தனமும் இறைக்கிற பொதுக்கிணற்றைச் சில கருவிகள் ஒவ்வொரு வீட்டுக் கணக்கிலும் எழுதிவிடும். கூட்டிப் பார்த்தால் கம்ப்யூட்டரில் இல்லாத ரேமையெல்லாம் பிரவுசர் தின்றிருக்கும்! போதாததற்கு, ரேம் தாராளமாக இருந்தால் பிரவுசரும் தாராளமாக எடுத்துக்கொள்ளும். மைத்துனரின் 16 ஜிபி கணக்கை என் 4 ஜிபி மடிக்கணினியோடு ஒப்பிட்டு என்ன பயன்? (அவர் ஒப்பிடுவது ரேமை மட்டுமல்ல என்பது வேறு விஷயம்.)

நானும் ஒரே பக்கங்களை எல்லா பிரவுசரிலும் திறந்து பார்த்தேன். பிரவுசருக்கு பிரவுசர் பெரிய வித்தியாசமில்லை. தானாக ஓடும் வீடியோவும் நாலு பக்கமும் விளம்பரமும் வைத்த ஒரு செய்தித் தளம் மட்டும் எங்கே திறந்தாலும் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்தது.

“அப்பா, முதல்ல அந்த டேபையெல்லாம் மூடுங்க” என்கிறான் மகன். எப்படி மூடுவது? எல்லாம் படிக்க வேண்டியவை. போன தீபாவளிக்குச் செய்யவிருந்த அதிரசப் பக்குவம் உட்பட.

நீங்கள் பிரவுசரை மாற்றுவதற்கு முன், விண்டோஸ் குரோமில் ஷிஃப்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்துங்கள். எந்த டேப் எவ்வளவு தின்கிறது என்று பட்டியல் வரும். அதில் அதிகம் தின்கிற டேபை மூடுங்கள். அது தட்கல் டிக்கெட் பக்கமாக இருந்தால் மட்டும் கைவைக்காதீர்கள்.